லாக்கர் வேண்டாம், அம்மா இருக்காங்க

போன வருஷம் கத்திரி தொடங்கி ஒரு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு வாட்டர் பார்க்கின் டிக்கெட் கவுன்ட்டரில் நான் சொன்ன வார்த்தை இது. நானும் என் வீட்டுக்காரரும், தம்பியும் தம்பி மனைவியும், அம்மாவும், பிள்ளைகள் மூன்று பேரும் போயிருந்தோம். கவுன்ட்டர் பையன் டிக்கெட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, "லாக்கர் வேணுங்களாக்கா? நூத்தம்பது ரூபா" என்றான். "வேண்டாம் தம்பி, அம்மா இருக்காங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அம்மா எனக்கு ஓர் எட்டு பின்னால், சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அம்மாவுக்கு எடுத்த டிக்கெட் எண்ணூற்று ஐம்பது ரூபாய். தண்ணீரில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் உள்ளே காலை வைத்தால் அந்தக் காசுதான். நூற்றைம்பது ரூபாயை மிச்சம் பிடிக்க எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, செலவுக் கணக்கு எழுதும்போதுதான் உறைத்தது. காசு பெரிய விஷயம் இல்லை. ஆனால் கணக்கு நோட்டில் 'அம்மா – 850' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அந்த 850-க்கு அம்மாவுக்கு என்ன கிடைத்தது?

கிடைத்தது ஒரு சிமெண்டுத் திண்ணை. அலைக்குளத்துக்கு எதிரே, ஓலைக் குடை மாதிரி ஒன்று போட்டிருந்தார்கள். பத்தரை மணிக்கு அங்கே எட்டுப் பேரின் செருப்பு, நான்கு பை, மூன்று போன், இரண்டு மூக்குக்கண்ணாடி, தம்பியின் கார் சாவி எல்லாவற்றையும் அம்மாவைச் சுற்றி வைத்துவிட்டுப் போனோம். போன்களை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டார். குடையின் நிழல் நகர நகர அம்மாவும் பைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு நகர்ந்திருக்கிறார். மதியம் வந்து பார்த்தபோது திண்ணையின் அடுத்த கோடியில் இருந்தார். "பாத்ரூம் போனீங்களாம்மா?" என்று கேட்டேன். "இதையெல்லாம் உட்டுப்போட்டு எப்படிக் கண்ணு போறது?" என்றார். அதைக் கேட்ட பிறகும் நான் லாக்கர் எடுக்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்வந்து, மறுபடி அங்கேயே உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளோடு சறுக்குக்கு வரிசையில் நிற்கப் போனேன்.

திரும்பி வரும் வழியில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். சத்தியமங்கலம் தாண்டும்போது அம்மா முன் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "மாப்ள, அந்த அலை வர்ற தொட்டி இருக்குதுங்களே, அந்தக் கடைசிச் செவுத்துக்கிட்ட எத்தன ஆழம் இருக்கும்?"

"ஒரு அஞ்சடி இருக்குமுங்க அத்தை."

"அவ்வளவுதானுங்களா," என்றார் அம்மா. அப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை.

இந்தக் கேள்விதான் என்னை ஒரு வருஷம் விடாமல் துரத்தியது. ஆறு மணி நேரம் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவ்வளவு நேரமும் ஆழத்தை அளந்துகொண்டு இருந்திருக்கிறார். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவர் 'வழுக்குமா' என்று கேட்பார், 'சுத்தமா இருக்குமா' என்று கேட்பார். கடைசிச் சுவருகிட்ட எத்தனை ஆழம் என்று கேட்பது நீந்தத் தெரிந்தவர் கேட்கிற கேள்வி.

கிணற்றில் இருந்த பெண்

அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த வயசுக்காரர்கள் பாதிப் பேருக்குத் தெரியும். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. தெரியும் என்பதற்கும் நினைத்துப் பார்த்தேன் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் அந்தக் கார்ப் பயணத்தில் புரிந்துகொண்டேன். அடுத்த வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டேன். பெரியம்மா சிரித்துவிட்டார். "உங்கம்மாளா? மோட்டார் ரூமு மேல ஏறி நின்னு குதிப்பாளே! எங்க அப்பாரு வெளக்குமாத்த எடுத்துட்டு வந்தாத்தான் மேல வருவா."

ஆறு வயசில் இடுப்பில் சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கை, கட்டி இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஒரே கோடையில் புருடை தேவைப்படாமல் போய்விட்டது. பாவாடையோடுதான் குதிப்பார்களாம். பாவாடை தண்ணீரில் பட்டதும் குடை மாதிரி உப்பி மேலே வரும். கீழ்விளிம்பைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் உள்ளே அடைபட்ட காற்றிலேயே கொஞ்ச நேரம் மிதக்கலாம் என்று பெரியம்மா கையை வைத்துக் காட்டினார். அம்மாவின் பெருமை வேறு: அசையாமல் மல்லாந்து மிதப்பது. கிணற்றுக்குள் மல்லாந்து கிடந்தால் மேலே வட்டமாக வானம் தெரியும், காதுக்குள் தண்ணீர் போய்விடுவதால் யார் கூப்பிட்டாலும் கேட்காது. "கூப்புட்டா கேக்காதுங்கறதுக்கே அப்படிக் கெடப்பா" என்றார் பெரியம்மா.

பதின்மூன்று வயசில் அம்மா பெரிய மனுஷி ஆனார். அதோடு கிணறு நின்றது. யாரும் அதட்டியதாகவோ அடித்ததாகவோ பெரியம்மா சொல்லவில்லை. இனிமேல் போகக் கூடாது என்றார்கள், போகவில்லை, அவ்வளவுதான். மாமன்மார்கள் அதே கிணற்றில் இருபது வயசு வரைக்கும், கல்யாணத்துக்கு அப்புறமும் குதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இப்போது அறுபத்தொன்று. நாற்பத்தேழு வருஷம் கழித்து அவரை ஒரு நீர்நிலைக்கு முன்னால் கூட்டிப்போய் உட்கார வைத்து, கையில் பையைக் கொடுத்தது நான்தான்.

அந்தக் கிணறு இப்போதும் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. சுற்றிலும் ஆயிரம் அடிக்கு போர் போட்டாயிற்று, மேல் ஊற்று எப்போதோ நின்றுவிட்டது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கொஞ்சம் கசிவு ஏறும். ஆனால் வாய்க்கால் ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து, ஜனவரியில் இன்னொரு போகத்துக்கு விட்டு, பெரும்பாலும் ஏப்ரல் கடைசியோடு அடைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் தண்ணீர் நிற்கிற நேரமும் ஒன்று. பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்காலின் கரையில் பிறந்த பிள்ளைகள் மே மாதம் குளிக்க டிக்கெட் வாங்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கிணறுதான் சொர்க்கம், வாட்டர் பார்க் வெறும் காசு பறிக்கிற இடம் என்று நான் எழுத மாட்டேன். கோடை விடுமுறையில் கிணற்றிலும் வாய்க்காலிலும் ஆற்றிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி இல்லாத வருஷம் உண்டா? அண்ணனைக் காப்பாற்றப் போன தம்பி, அவனைக் காப்பாற்றப் போன மாமன் என்று ஒரே செய்தியில் இரண்டு மூன்று பேர். பார்க்கில் விசிலோடு ஆள் நிற்கிறார், அடியில் தரை தெரிகிறது, என் பதினொரு வயசு மகள் இன்னும் இரண்டு வருஷம் கழித்துப் போனாலும் யாரும் அவளைத் தடுக்கப் போவதில்லை. எனக்கு இது சாதாரணமான விஷயமில்லை. அம்மாவுக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கிறது. அதே கதவு வழியாக அம்மாவையும் உள்ளே விட்டால் என்ன என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

சேலை

"அம்மாவை இறங்கச் சொன்னா மட்டும் இறங்குவாங்களா? சேலையோட உள்ள விடமாட்டாங்க" என்றான் தம்பி. நானும் அதைத்தான் சாக்காக வைத்திருந்தேன். போன வருஷம் பேச்சுக்குக்கூட அம்மாவிடம் கேட்கவில்லை. சேலை கட்டுகிறவர், எனவே கரையில் இருப்பவர் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

சேலைக்குத் தடை போடுவதில் தப்பில்லை. பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து போய் ஃபில்டரை அடைக்கும். முந்தானை, துப்பட்டா, நாடா எல்லாம் சறுக்கின் இணைப்புகளில் மாட்டலாம், காலைச் சுற்றலாம். ஜிப், உலோகப் பொத்தான் ஃபைபர் சறுக்கைக் கீறும், பின்னால் வருகிறவரின் தோலைக் கிழிக்கும். அதனால்தான் நைலான் உடை கேட்கிறார்கள். ஆனால் அந்த விதி துணிக்குத்தான். அறுபது வயசு அம்மா இறங்கக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதியது நாங்கள்.

பார்க் வாசலில் வாடகைக்குத் தருகிற உடையை அம்மாவுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஈரம் காயாமல், யாரோ போட்டுக் கழற்றியது. ஈரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, கை முழுக்க, கால் கணுக்கால் வரைக்கும் மூடுகிற கறுப்பு நைலான் உடை ஒன்று வாங்கினேன். அதோடு தொடை வரைக்கும் ஒரு பாவாடை மாதிரி சேர்த்துத் தைத்திருந்தது. அதை நீட்டியபோது அம்மா தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, "இது உடம்போட ஒட்டுமே கண்ணு" என்றார். அப்புறம், "உங்கப்பாகிட்டக் கேட்டியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்பா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். "அவ நீஞ்சுவாளே" என்றார், ஏதோ நேற்றுப் பார்த்தவர் மாதிரி. "போயிட்டு வாங்க. மாட்டுக்கு நான் தண்ணி காட்டிக்கறேன்."

கொடிவேரி அணைக்குப் போனால் துணி பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், மீனும் சாப்பிடலாம் என்று தம்பி மனைவி ஒரு யோசனை சொன்னாள். அதற்கு அம்மாவே பதில் சொன்னார்: "அங்க நின்னு குளிக்கலாம் சாமி. நீஞ்ச முடியாது." அவர் இறங்க முடிவு செய்துவிட்டார் என்று அப்போது தெரிந்தது.

யார் எதைப் பார்ப்பது

இந்த வருஷம் திட்டம் போட நோட்டை எடுத்தபோது முதல் வரி 'லாக்கர் – 2'. சனி, ஞாயிறு வேண்டாம், புதன்கிழமை. பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளே இருந்தால் முதல் ஒரு மணி நேரம் சறுக்குகளில் வரிசையே இருக்காது. பதினொன்றரைக்குத்தான் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வரும். வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டி வண்டியிலேயே வைத்துவிடுவது, வெளியே வந்து சாப்பிட்டால் மறுபடி உள்ளே விடுவார்களா என்று முன்னாலேயே போன் போட்டுக் கேட்டுக்கொள்வது. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை உண்டு. உயரச் சறுக்குகளில் இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள், எனவே அவை வேண்டாம். அவர் பார்க்கிற டாக்டரிடமும் கேட்டோம். அலை இல்லாத தண்ணீரில் நிதானமாக நீந்தலாம், வெயிலில் அதிக நேரம் வேண்டாம் என்றார். தண்ணீருக்குள் இருந்தாலும் உடம்பு வியர்க்கும், தாகம்தான் தெரியாது. ஆகவே மணிக்கு ஒருமுறை எல்லோரும் கரையேறி ஒரு டம்ளர் மோர் அல்லது தண்ணீர்.

இறங்குவதற்கு முன் நன்றாகக் குளிப்பதையும் சேர்த்தேன். குளத்தில் மூக்கைத் துளைக்கிற நெடி குளோரின் அதிகம் என்பதால் வருவதில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து குளோரமைன் என்று வேறொன்றாக மாறுவதால் வருகிறது. கண் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதிலிருந்து ஷவரில் நிற்காமல் ஓடுகிறவர்கள் நின்று குளிக்கிறார்கள்.

நான் அதிக நேரம் செலவிட்டது வேறு ஒரு பக்கத்தில். போன வருஷம் பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள? நாலு பெரியவர்கள் இருந்தோம், நாலு பேரும் மற்ற மூன்று பேர் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மூழ்குகிற பிள்ளை கத்தாது. மூச்சு இழுக்கவே வாய் தண்ணீருக்கு மேலே வரவில்லை என்றால் சத்தம் எங்கிருந்து வரும்? கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், தலை பின்னால் சாயும், உடம்பு செங்குத்தாக நிற்கும். பக்கத்தில் நிற்பவருக்கு விளையாடுவது மாதிரிதான் தெரியும். அலைக்குளத்தில் கூட்டத்துக்கு நடுவில் அது தெரியவே தெரியாது. அதனால் அரை மணி நேரத்துக்கு ஒருவர், முறை வைத்துக்கொண்டோம். முறையில் இருப்பவர் போனைத் தொடக் கூடாது, பேசிக்கொண்டு நிற்கக் கூடாது, மூன்று தலையையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கையில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம். முறை மாறும்போது அதைக் கழற்றி அடுத்தவர் கையில் மாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். அம்மாவுக்கும் ஒரு முறை உண்டு என்று எழுதினேன். ஒன்றே ஒன்று.

புதன்கிழமை

உடை மாற்றும் அறைக்குள் போய் இருபது நிமிஷம் அம்மா வெளியே வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே சேலையை மடிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. "அம்மா?" என்றேன். "கூட்டம் போகட்டும் கண்ணு." கூட்டம் போகவில்லை, அது போகிற இடமும் இல்லை. கடைசியில் அவரே வந்தார். ஒரு துண்டைத் தோளில் போட்டு இரண்டு கையாலும் முன்னால் பிடித்திருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் என் அம்மாவின் கணுக்காலுக்கு மேல் சேலை இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். நடை வேறு மாதிரி இருந்தது. சேலைக்கு ஏற்ற சின்ன எட்டாகவே வைத்தார், துணி தடுக்காதபோதும். என் மகள் ஓடி வந்து, "அம்மாயி, சூப்பரா இருக்கீங்க" என்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்.

முதல் ஒரு மணி நேரம் முழங்கால் அளவுத் தண்ணீரில் சின்னவனோடு உட்கார்ந்திருந்தார். துண்டு தோளிலேயே இருந்தது, நனைந்து கனத்துத் தொங்கியது. அலை வருவதற்கான மணி அடித்ததும் எல்லோரும் கத்திக்கொண்டு ஆழத்தைப் பார்த்து ஓடினார்கள், அம்மா கரைக்கு வந்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வற்புறுத்தி இறக்கினால் அது இன்னொரு விதமான பை தூக்க வைப்பது என்று தோன்றியது.

ஒரு மணிக்கு அலையை நிறுத்தினார்கள். சாப்பாட்டு நேரம், குளம் காலியானது. அதுவரைக்கும் நுரையும் தலையுமாக இருந்த தண்ணீர் மெல்ல அடங்கி, அடியில் இருந்த நீல ஓடுகளின் கோடுகள் நெளிவதை நிறுத்தின. என் கையில் சிவப்பு வளையம் இருந்தது, பிள்ளைகள் மூவரும் எனக்கு முன்னால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, பிழிந்து, உதறி, என் தோளில் போட்டார். நடந்தார். இடுப்பு வரை, மார்பு வரை. அதற்கப்புறம் நடை தெரியவில்லை, தலை மட்டும் சீராக நகர்ந்தது. கடைசிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி, நடுக்குளத்துக்கு வந்து மல்லாந்தார். கை இரண்டும் விரிந்து, முகம் மட்டும் மேலே, கண் மூடி. காது தண்ணீருக்குள் இருந்தது. கொண்டை அவிழ்ந்து நரைமுடி சுற்றிலும் விரிந்து மிதந்தது.

ஒரு நிமிஷம் இருக்கும். விசில் வந்தது. உயர நாற்காலியில் இருந்த பையன் எழுந்து நின்று மறுபடி ஊதினான். அம்மா அசையவில்லை. அவன் கீழே இறங்கி, மிதவையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் குதித்துவிட்டான். நான் "தம்பி, தம்பி, அவங்களுக்கு ஒண்ணுமில்ல, நீச்சல் தெரியும்" என்று கத்துவதற்குள் அம்மாவின் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டான்.

அம்மா கண்ணைத் திறந்தார். எழுந்து நிற்காமல், கிடந்தபடியே தலையை மட்டும் அவன் பக்கம் திருப்பினார்.

"நல்லாத்தான் சாமி இருக்கேன்," என்றார். "இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."